ரைன் பாலத்தின் 54 சென்டிமீட்டர்

சூரிச்

அன்புள்ள பிள்ளைக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். மூன்று கொம்பனிகள் சேர்ந்து செய்யும் ரயில் வேலையில், எல்லாருடைய வரைபடங்களையும் ஒன்றுசேர்க்கும் பொறுப்பு உனக்குக் கிடைத்திருக்கிறது என்று அண்ணா சொன்னார். அன்றிரவு சந்தோசத்தில் எனக்கு நித்திரையே வரவில்லை. கொஞ்சம் பயமும் இருந்தது. அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு ஞாயிறு லவுஃபென்புர்க் போய் வா. ரைனுக்கு இந்தக் கரை சுவிஸ், அந்தக் கரை ஜெர்மனி. அங்கே புதுப் பாலம் கட்டியபோது, உயரத்தைச் சுவிஸ்காரர் மத்தியதரைக் கடல் மட்டத்தை வைத்து அளந்தார்கள், ஜெர்மன்காரர் வடகடலை வைத்து. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். அது தெரியாமல் நடந்த பிழை இல்லை. தெரிந்துதான் திருத்தம் போட்டார்கள். ஆனால் கூட்டல் கழித்தல் குறி மாறிப்போனது. வித்தியாசம் மறைவதற்குப் பதிலாக இரட்டித்து, 2003இல் 54 சென்டிமீட்டராக வெளியே வந்தது. 27 என்ற எண் இரு பக்கமும் இருந்தது. அதைக் கூட்டுவதா கழிப்பதா என்பதைத்தான் ஒருவரோடு ஒருவர் சரிபார்க்கவில்லை.

என் கையாலும் இப்படி ஒன்று நடந்தது. நான் வேலை செய்த ஒரு பட்டறைக்கு வாடிக்கையாளர் முப்பரிமாண வரைபடம் அனுப்பினார். சில துளைகள் இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தன. அவர்களுடைய வழக்கத்தில் அந்த நிறம் என்றால் மரை வெட்ட வேண்டும். எங்களுக்கு நிறம் வந்தது, அந்த வழக்கம் வரவில்லை. அறுபது தகடுகளை வெறும் துளையோடு அனுப்பிவிட்டோம். நிறத்தை நான் கவனித்தேன், பிள்ளை. கவனித்தும் ஒரு கோல் எடுத்துக் கேட்கவில்லை. அது இன்னும் என் மனதை அறுக்கிறது.

நன்றாகச் செய்தவர்களையும் பார். ஜெனீவா அருகே சேர்ன் துகள் ஆய்வு நிலையத்தின் 27 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு 1,232 பெரிய வளைவுக் காந்தங்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், ஏறத்தாழ 35 தொன். பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி என்று மூன்று நாட்டு ஆலைகள் செய்தன. அவற்றைத் தாங்கும் நுண்திருத்தத் தாங்கிகள் இந்தியாவிலிருந்து வந்தன. எந்த ஆலையில் பிறந்த காந்தமும் மற்றதன் பக்கத்தில் பொருந்தியாக வேண்டும். அதனால் ஒவ்வொரு காந்தத்துக்கும் கணினியில் ஒரு தனிக் கோப்புறை வைத்தார்கள். ஆலையில் எடுத்த அளவும் சேர்னில் செய்த சோதனையும் அதிலேயே ஏறின. காந்தம் போன இடமெல்லாம் அதன் சரித்திரமும் கூடப் போனது.

உன் மூன்று கொம்பனிகளும் மூன்று மென்பொருள் வைத்திருப்பார்கள். நடுவில் ஸ்டெப் என்ற பொதுவடிவம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 10303. 1994இல் வந்தது. வடிவத்தை அது நன்றாகக் கொண்டுபோகும். இந்தப் பகுதியின் பூச்சியப் புள்ளி எது, இது எத்தனையாவது திருத்தம், யார் ஒப்புதல் கொடுத்தது, எந்த அளவை இன்னும் மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் மனிதர்தான் நினைத்துச் சேர்க்க வேண்டும். கோப்போடு அவற்றையும் அனுப்பு. மற்றவர்களிடமும் விடாமல் கேள்.

தொழில் இரகசியம் என்று ஒரு கொம்பனி இழுத்தடிக்கும். அந்தப் பயம் நியாயமானது, கோபப்படாதே. உள்ளே இருப்பதை அவர்கள் மறைத்துக்கொள்ளட்டும். வெளி உருவம், போல்ட் துளைகள், கேபிள் வரும் இடம், எடை, சூடு, இவை உனக்கு வேண்டும். எது தருவார்கள், எது தரமாட்டார்கள் என்பதை வேலை தொடங்குமுன்னே எழுத்தில் வாங்கிவிடு. பாதி வழியில் கேட்டால் வழக்கறிஞர்தான் பதில் சொல்வார்.

இன்னொன்று. உண்மையான வரைபடங்கள் வருமுன் ஒரு சின்னக் கட்டையை வரைந்து மூவருக்கும் அனுப்பு. ஒரு மூலையில் மட்டும் துளை, அதில் மரை, ஒரு பக்கத்தில் இறுக்கமான அளவு. ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் திறந்து, அளந்து, திருப்பி அனுப்பட்டும். அனுப்பியதும் வந்ததும் ஒன்றா என்று நீயே உட்கார்ந்து பார். முதல் தடவை ஒத்துப்போகாது. ஒத்துப்போகும் நாளில் எனக்கு ஒரு கோல் எடு, எத்தனை மணியானாலும்.

அன்புடன்,
சித்தப்பா