பின்னால் பாரம், முன்னால் ஆபத்து

அமெரிக்காவில் சிலர் பிக்கப் வண்டியின் குட்டையான தட்டில் ஏடிவி வாகனத்தை ஏற்றி, பின்னால் கேம்பர் எனும் நடமாடும் வீட்டையும் இழுத்துச் செல்வர். இதில் என்ன ஆபத்து?

மாணவர்களே, ஏற்றப் பலகையை நினைத்துப் பாருங்கள். இங்கே பின்சக்கர அச்சுதான் ஆதாரப்புள்ளி. அதற்கு 1.2 மீட்டர் பின்னாலுள்ள கொக்கியை, கேம்பர் 250 கிலோகிராம் பாரத்தால் அழுத்துகிறது எனக் கொள்வோம். இரு அச்சுகளின் இடைவெளி 3.6 மீட்டர்.

250 × 1.2 ÷ 3.6 = சுமார் 83

முன்சக்கரங்களின் மீதுள்ள பாரம் 83 கிலோகிராம் குறைகிறது! பிடிமானம் குறைந்தால், வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் கடினம். ஏடிவியின் ஈர்ப்பு மையமும் அச்சுக்குப் பின்னால் போனால் நிலைமை மோசமாகும். ஆகவே, அதை முடிந்தவரை முன்னால் தள்ளிக் கட்ட வேண்டும்.

கொக்கியின் பாரத்தைக் குறைக்க, கேம்பரின் பின்புறத்தில் சாமான்களை அடுக்கலாமா? கூடாது. வேகமாகச் செல்லும்போது கேம்பர் வால்போல் ஆடத் தொடங்கும்.

கொக்கி 1.5 மீட்டர் பின்னால் இருந்தால்? கணக்கிட்டுப் பாருங்கள்!