முகம் கறுக்காமல் படம் எடுப்போம்



நமது தோட்டத்துக் குடும்பங்கள் சில மட்டக்களப்புக்குச் சுற்றுலா போய் வந்தன. 1924 இல் கட்டிய பழைய கல்லடிப் பாலமும் 2013 இல் திறந்த புதிய பாலமும் தெரிய, மாலை வெயிலில் வாவியைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் ஒரு வீட்டுப் பாட்டி காலமானார். சட்டம் போட்டு மாட்டுவதற்கு அவருடைய படம் அது ஒன்றுதான். தண்ணீர் வெள்ளியாய் மின்னியது, முகம் கரிக்கட்டை. "பாட்டி முகம் எங்க ஐயா?" என்று பேரப்பிள்ளை கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

ஏன் இப்படி ஆகிறது?

கொழுந்தைக் கூடையோடு நிறுத்தால் கூடையின் நிறையும் சேர்ந்துவிடும் அல்லவா? கெமராவும் அப்படித்தான். முகத்தையும் மின்னும் தண்ணீரையும் சேர்த்தே அளக்கிறது. "வெளிச்சம் கூடிப் போச்சு" என்று நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது. அந்தக் கணக்கை நாம்தான் திருத்த வேண்டும்.

செய்யும் முறை

1. முழு ஆட்டோவில் பெரும்பாலும் இந்த வசதி இராது. கெமராவின் சக்கரத்தை 'பி' என்ற எழுத்துக்குத் திருப்புங்கள்.

2. கூட்டல், கழித்தல் குறிகள் சேர்ந்துள்ள பொத்தானைத் தேடுங்கள். +1 வைத்தால் வெளிச்சம் இரண்டு மடங்காகும். -1 வைத்தால் பாதியாகும்.

3. ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முகம் இன்னும் கறுப்பா? +1.3, +1.7 என்று கூட்டுங்கள். பின்னால் வானம் வெளுத்தால் பரவாயில்லை. நமக்கு முகம்தான் முக்கியம்.

4. முடிந்ததும் 0 க்குக் கொண்டுவர மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் அடுத்த படங்களும் வெளுத்துப் போகும்.

கைத்தொலைபேசியில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். பல போன்களில் சிறு சூரியக் குறி தோன்றும். அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும்.

எப்போது கூட்டல், எப்போது கழித்தல்?

மலையில் பனிமூட்டம், வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், வாவித் தண்ணீர்: கூட்டல். இரவுத் திருவிழாவில் இருட்டுக்கு நடுவே விளக்கடியில் நிற்பவர்: கழித்தல்.

ஒரு எச்சரிக்கை: மாலை மங்கலில் கூட்டினால் கெமரா மெதுவாக எடுக்கும், கை ஆடினால் படம் கலங்கும். சுவரிலோ மரத்திலோ சாய்ந்து நின்று எடுங்கள்.

பயிற்சி: இந்த ஞாயிறு உங்கள் லயத்து வாசலில், வானம் பின்னால் தெரிய, வீட்டுப் பெரியவரை நிறுத்தி 0, +1, +2 என மூன்று படம் எடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்லதைப் பிரதி எடுத்து வையுங்கள். பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே எடுத்து வைப்போம்.