அட்வான்ஸ் வாங்கும் முன்பு

அமெரிக்காவில் ஹெல்த் இன்சூரன்ஸ் ஏஜென்ட் லைசென்ஸ் எடுத்துவிட்டு யோசனை கேட்டு வரும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அங்கிள், எந்த ஏஜென்சி அதிக மாதத்துக்கு அட்வான்ஸ் தரும்?" கையெழுத்துப் போடச் சொல்லும் ஒப்பந்தத்தை எடுத்து வந்து காட்டியவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. அட்வான்ஸ் என்பது கடன். மாத பிரீமியம் 400 டாலர், கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு உங்கள் பங்கு 80 டாலர். ஒன்பது மாத அட்வான்ஸ் என்றால் பாலிசி ஏறியதுமே 720 டாலர் வந்துவிடும். வாடிக்கையாளர் மூன்று மாதம் கட்டிவிட்டு நிறுத்திவிட்டால், நீங்கள் சம்பாதித்தது 240 மட்டுமே. மீதி 480-ஐ அடுத்த ஸ்டேட்மென்டில் பிடித்துக்கொள்வார்கள். இதுதான் சார்ஜ்பேக். பிடிக்கப் பணம் இல்லையென்றால் கணக்கு மைனஸில் நிற்கும். பழைய பாலிசிகளின் ரின்யூவல் கமிஷனில் இருந்தும் கழிப்பார்கள். பத்து பாலிசி போட்டு 7,200 வாங்கியவர், அதில் நாலு பேர் இப்படி விலகினால் 1,920 திருப்ப வேண்டும். அதற்குள் அந்தப் பணம் லீட் (வாங்கக்கூடியவர்களின் விவரம்) வாங்கவும் வாடகைக்கும் போயிருக்கும். சில இடங்களில் அட்வான்ஸுக்குத் தனியாகக் கட்டணமோ வட்டியோ உண்டு, ஏஜென்சி தரும் லீடின் விலையும் அதே கணக்கில் ஏறும். முதல் வருடம் குடும்பச் செலவுக்கு வேறு வழி இருந்தால், மாதாமாதம் சம்பாதித்ததை மட்டும் வாங்கும் முறையைக் கேளுங்கள். வரவு மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் தூக்கம் வரும்.

2. மைனஸ் கணக்கோடு ஏஜென்சி மாறிவிடலாம் என்று எண்ணாதீர்கள். வெக்டர் ஒன் என்ற நிறுவனத்திடம் பாக்கிக்காரர்களின் பதிவு இருக்கிறது. பல கம்பெனிகள் புது ஏஜென்டைச் சேர்க்கும் முன்பு அங்கே பார்க்கின்றன. உங்களுக்குக் கீழே ஆள் சேர்த்திருந்தால், அவர்கள் கட்டாத பாக்கியை உங்கள் தலையில் ஏற்றும் ஷரத்தும் பெரும்பாலும் இருக்கும். "டீம் கட்டு, அவர்கள் விற்பதிலும் உனக்குப் பங்கு, ஓவர்ரைட் வரும்" என்று ஆசை காட்டுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

3. ரின்யூவல் யார் பெயரில் இருக்கிறது? சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கின்றன. கம்பெனியோடு உங்களுக்கு நேரடி ஒப்பந்தம் இருக்கலாம். அல்லது கமிஷனை ஏஜென்சிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அவர்கள் தரும் பங்கை வாங்குகிறவராக நீங்கள் இருக்கலாம். இரண்டாவது வகையில், நீங்கள் விலகிய அன்றே அத்தனை வருட வாடிக்கையாளர்களும் ஏஜென்சியின் சொத்தாகிவிடக்கூடும். ஏஜென்சி மூடினாலும் கம்பெனியிடம் போய்க் கேட்க உங்களுக்கு உரிமை இருக்காது. நேரடி ஒப்பந்தமாக இருந்தாலும் "வெஸ்டிங்" பகுதியைப் பென்சிலும் கையுமாகப் படியுங்கள். முதல் நாளிலிருந்தே ரின்யூவல் உங்களுடையதா, சில வருடம் கழித்தா? மாத வரவு ஒரு தொகைக்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்களா? "தகுந்த காரணத்தோடு நீக்கினால்" எல்லாம் பறிபோகும் என்று இருந்தால், எது எது தகுந்த காரணம்? விலகிய பிறகு பழைய வாடிக்கையாளரோடு பேசினால்கூட ரின்யூவல் போய்விடும் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கமிஷன் விகிதத்தைக் கம்பெனி இஷ்டப்படி மாற்றலாம் என்ற வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் உண்டு. அந்த மாற்றம் புதிய பாலிசிக்கு மட்டுமா, பழையதற்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் இறந்தால் வீட்டாருக்கு வருமா என்றும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

4. மெடிகேர் அட்வான்டேஜ் வேறு உலகம். அங்கே கமிஷனின் உச்சவரம்பை அரசாங்கம் குறிக்கிறது. 2026-க்கு பெரும்பாலான மாநிலங்களில் புதிதாகச் சேர்த்தால் 694 டாலர், ரின்யூவல் அதில் பாதி, 347. சேர்ந்தவர் முதல் மூன்று மாதத்துக்குள் விலகினால், சில விதிவிலக்குகள் போக, முழுத் தொகையும் திரும்பப் போகும். நம் ஆட்கள் இடறும் இடம் ஒன்று உண்டு: கிரீன் கார்டில் வந்த அப்பா அம்மாவுக்கு 65 ஆகிவிட்டது என்பதால் மட்டும் மெடிகேர் கிடைக்காது. இங்கே வேலை செய்த கணக்கு இல்லாதவர் தொடர்ந்து ஐந்து வருடம் குடியிருந்திருக்க வேண்டும். அதைக் கேட்காமல் விண்ணப்பம் போட்டால் கமிஷனும் இல்லை, தமிழ்ச் சங்கத்தில் முகமும் இல்லை.

5. ஒபாமாகேர் பாலிசிகளில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். பாலிசியில் எந்த ஏஜென்ட் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் பணம். 2024-இல் வாடிக்கையாளருக்கே தெரியாமல் ஏஜென்ட் பெயரை மாற்றும் திருட்டு பெருகி, அந்த வருடம் 850 ஏஜென்டுகளை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அந்த ஜூலையிலிருந்து, பதிவில் இல்லாத ஏஜென்ட் பாலிசியில் கை வைக்க வேண்டுமானால் பொதுவாக வாடிக்கையாளரையும் மார்க்கெட்பிளேஸ் கால் சென்டரையும் சேர்த்து மூன்று பேராகப் பேச வேண்டும்.

6. அட்வான்ஸ் பெரிதாக வருகிறது என்பதற்காகக் குறைந்த பலன் தரும் திட்டத்தை முழுக் காப்பீடு போலப் பேசி விற்காதீர்கள். ஃபுளோரிடாவின் சிம்பிள் ஹெல்த் நிறுவனம் அப்படி விற்றது என்று 2018-இல் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2024-இல் 195 மில்லியன் டாலர் தீர்ப்பு வந்தது. நீங்கள் விற்கப்போவது சொந்த ஊர்க்காரருக்கு. ஆஸ்பத்திரி பில்லை எடுத்துக்கொண்டு அவர் நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

7. வரிக்கு எடுத்து வையுங்கள். உங்களுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய ஆளில்லை. அட்வான்ஸும் பொதுவாக 1099 படிவத்தில் வருமானமாகவே ஏறும்.

8. ஸ்டேட்மென்டை வரி வரியாகப் பாருங்கள். பெயர், பாலிசி தொடங்கிய தேதி, வந்த பிரீமியம், விகிதம், அட்வான்ஸில் இன்னும் ஈடாகாத பாக்கி. நீங்களே ஒரு எக்செல் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். சில சமயம் பட்டியலில் பெயர் இருக்கும், தொகை பூஜ்யமாக இருக்கும். வாடிக்கையாளரைக் கேட்டால் "கட்டிட்டேனே" என்பார். ஆட்சேபணைக்கு ஒப்பந்தத்தில் கெடு இருக்கும். அது தாண்டினால் கணக்கு சரி என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே ஆகிவிடும். ஃபோனில் சண்டை போடாதீர்கள். பாலிசி எண்ணும் தொகையும் போட்டு ஈமெயில் அனுப்புங்கள். மாநில இன்சூரன்ஸ் துறை வாடிக்கையாளர் புகாருக்கானது. கமிஷன் தகராறில் பெரும்பாலும் தலையிடாது. தகராறை எந்த மாநிலத்தில் தீர்ப்பது, கோர்ட்டிலா மத்தியஸ்தரிடமா என்பதையும் ஒப்பந்தமே முடிவு செய்திருக்கும். ஸ்டேட்மென்ட், கமிஷன் அட்டவணை, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு திருத்தம், எல்லாவற்றையும் மாதாமாதம் இறக்கி உங்கள் சொந்தக் கணினியில் வையுங்கள். விலகுகிறேன் என்று சொன்ன அன்று மாலையே போர்ட்டலில் உங்கள் பாஸ்வேர்டு வேலை செய்யாமல் போகலாம்.