பனிக்குடிலில் அறுபது நிமிடம்

சங்கராபுரத்துக்காரர்களான எங்களுக்குப் பனி என்றால் மார்கழியில் கல்வராயன் மலையில் இறங்கும் மூடுபனிதான். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் விடிகாலையில் எதிரே வருகிறவர் முகம் தெரியாது. நடந்து போகிறவர்கள் குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள். சென்னையில் நாங்கள் குடும்பத்தோடு விளையாடிய எஸ்கேப் ரூமில் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

அறையை மலைமேல் பனியில் புதைந்த மரக்குடில் போல அமைத்திருந்தார்கள். கணப்பு அடுப்பு, மரப்பெட்டிகள், சுவரில் கம்பளிக் கோட்டுகள், எந்நேரமும் ஊதும் காற்றுச் சத்தம். ஏசி குளிர் வேறு. ஒளித்து வைத்த குறிப்புகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பூட்டாகத் திறந்து, 60 நிமிடத்துக்குள் வெளியே வர வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்த இந்த வகை விளையாட்டை 2007-ல் ஜப்பானின் கியோட்டோவில் நிஜ இடத்துக்குக் கொண்டுவந்தவர் டகாவோ கட்டோ. அது உலகமெங்கும் பரவி நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது.

உள்ளே போனதும் ஆளுக்கொரு மூலையில் தேடத் தொடங்குவோம். தேடுவது நல்லது, பேசாமல் தேடுவதுதான் ஆபத்து. ஒரு குறிப்பின் பாதி ஒருவர் கையிலும் மீதி இன்னொருவர் கண்ணெதிரிலும் இருக்கும். அற்பமாகத் தெரிந்தாலும் கண்ணில் பட்டதை உரக்கச் சொல்லிவிட வேண்டும். இளவட்டங்கள் நம்பர் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஓரமாக உட்கார்ந்திருந்த அத்தை, "ஏம்ப்பா, நாலு கோட்டுக்கும் பொத்தான் ஒரே மாதிரி இல்லையே, எண்ணிப் பாத்தீங்களா?" என்றார். தங்கை மகள், "மாமா, பூட்டுலயும் நாலு நம்பர்தான்!" என்று கத்தினாள். பூட்டு திறந்தது. வயதானவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று வெளியே உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். அவசரமில்லாத கண்ணுக்குத்தான் இப்படிப்பட்டவை படும்.

திறந்த பூட்டிலேயே சாவியை விட்டுவிடுங்கள். வேலை முடிந்த பொருள்களை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டால் முடிந்துபோன குறிப்பையே மறுபடி குடைந்துகொண்டிருப்போம். பலத்தைக் காட்ட வேண்டிய வேலை எதுவும் அங்கே இல்லை. இழுத்து வராதது இழுக்க வைத்ததல்ல.

சிக்கிக்கொண்டால் நடத்துகிறவர்களிடம் குறிப்பு கேட்பதைக் கௌரவப் பிரச்சினை ஆக்க வேண்டாம். ஸ்காட் நிக்கல்சன் என்ற ஆராய்ச்சியாளர் 2015-ல் வெளியிட்ட ஆய்வுக்காக 175 எஸ்கேப் ரூம் நிறுவனங்களிடம் விசாரித்ததில், சராசரியாக 41 சதவீதக் குழுக்கள்தான் நேரத்துக்குள் வெளியே வந்தன. கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்கும் உதவியால் பயனில்லை. பாதி நேரம் போனதும் கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களிடம் இதையும் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் போலந்தின் கோஷலின் நகரில் எஸ்கேப் ரூம் ஒன்றில் தீப்பிடித்து, பிறந்தநாள் கொண்டாட வந்த 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் வெளியேற வழியின்றி இறந்தார்கள். அந்தச் செய்தி என்னை விட்டுப் போகவே இல்லை. கதவை நிஜமாகவே பூட்டுவார்களா, அவசரத்துக்கு உள்ளிருந்தே திறக்க முடியுமா, கரண்ட் போனால் கதவு என்னவாகும், இன்னொரு வழி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், பிள்ளைகள் எவ்வளவு அடம்பிடித்தாலும் வேறு இடம் பாருங்கள்.