அறுவடைக் காலம்: கண்ணில் நெல் பட்டால் அன்றைக்கே காட்டுங்கள்

சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. கதிர் அறுக்கும் இயந்திரம் ஓடும் வயலிலும் கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும் இடத்திலும் பதரும் சுணையும் காற்றோடு பறக்கின்றன. பொங்கல் கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சோகை கத்தி மாதிரி. வேலைக்கு இறங்கும்போது சாதாரணக் கண்ணாடி ஒன்றாவது போட்டுக்கொள்ளுங்கள். பக்கமும் மூடியிருந்தால் இன்னும் நல்லது.

நெல்முனை உரசினால் கருவிழியின் மேல்தோல் லேசாகக் கீறும். அந்தக் கீறல் தானாக ஆறிவிடவும் கூடும். ஆனால் வைக்கோலிலும் மண்ணிலும் இருக்கிற பூஞ்சை அதன் வழியே உள்ளே இறங்கிவிட்டால் புண்ணாகும். பூஞ்சைப் புண் மெதுவாக வளரும். முதலில் உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சத்தில் கூச்சம், அவ்வளவுதான். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்த பிறகுதான் பலர் வண்டி ஏறுகிறார்கள். அப்போது புண்ணை ஆற்றினாலும் அந்த இடத்தில் பூ விழுந்து பார்வை மங்கிவிடலாம். 1990-களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருந்தது.

இதைத் தடுக்க முடியும். நேபாளத்தின் பக்தபூரில் கருவிழி கீறியவர்களுக்குக் குளோராம்பெனிகால் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாள் கடந்து தொடங்கியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வந்தது. அதனால்தான் அன்றைக்கே என்று வற்புறுத்துகிறோம்.

கண்ணில் ஏதாவது விழுந்தால் கசக்காதீர்கள். கையைக் கழுவிவிட்டு, குடிக்கிற தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கண்ணைச் சிமிட்டுங்கள். பூச்சிமருந்து தெறித்திருந்தால் விடாமல் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். குத்தி நிற்கிற துரும்பைத் துணி நுனியாலோ நாக்காலோ எடுக்க யாரையும் விடாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். பாட்டி காலத்து வழக்கம்தான், அக்கறையோடு செய்வதுதான். ஆனால் கீறிய கண்ணுக்குள் அவை கிருமியைக் கொண்டுபோகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து மருந்துக் கடையில் இருக்கிறது. சிவப்புக்கென்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கலாம். போட்டதும் சிவப்பு வடியும், வலி குறையும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் பரவும். வீட்டில் மிச்சம் கிடக்கும் பழைய பாட்டிலையும் தொடாதீர்கள்.

மருத்துவமனையில் ஆரஞ்சு நிறச் சாயத் தாளைக் கண்ணோரம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கீறல் இருந்தால் பச்சையாக மின்னும். சோதனை அவ்வளவு எளிது. நெல் பட்டதா, சோகை பட்டதா, என்ன மருந்து போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பூஞ்சை என்று தெரிந்தால் பெரும்பாலும் நாட்டமைசின் சொட்டு மருந்து கொடுப்பார்கள். முதல் நாட்களில் மணிக்கொரு தடவை போடவேண்டி வரும். முழுக்க ஆற வாரக்கணக்கில் ஆகும். கண் வெளுத்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை களத்துக்கும் போகவேண்டாம்.