பொழுதுபோக்கு: சொல்லும் பொருளும்

நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொல் 'பொழுதுபோக்கு'. விடுமுறை நாளில் பிள்ளைகள், "பொழுதே போகவில்லை, உம்மா" என்கின்றனர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவரும் அதையே சொல்லுகிறார். கேரம் பலகை, கைப்பேசி, திண்ணைப் பேச்சு யாவும் இந்த ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன. இச்சொல்லின் பொருளையும், நம் மார்க்கம் இதனை எவ்வாறு நோக்குகிறது என்பதையும் சற்றுக் கவனிப்போம்.

'போதல்' என்பது தானே செல்வது. 'போக்குதல்' என்பது நாம் முனைந்து அகற்றுவது. பசியைப் போக்குகிறோம், நோயைப் போக்குகிறோம், களைப்பைப் போக்குகிறோம். இவையெல்லாம் நமக்குத் தொல்லை தருபவை. ஆனால் பொழுது தொல்லையா? அது அல்லாஹு தஆலா நமக்கு அளந்து கொடுத்த ஆயுளின் ஒரு பகுதியன்றோ! நோயை விரட்டுவதுபோல் அதையும் விரட்டலாமா?

ஓய்வு நேரத்தை அரபியில் 'ஃபராஃ' என்பர். ஆரோக்கியமும் ஓய்வும் இரு நிஃமத்துகள் என்றும், மக்களில் பெரும்பாலோர் அவற்றில் ஏமாந்து நஷ்டமடைகின்றனர் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் புகாரியில் பதிவாகியுள்ளது. நாம் 'போகவில்லையே' என்று சலித்துக்கொள்ளும் அந்தப் பொழுதைத்தான் பெருமானார் நிஃமத்து என்றார்கள்.

அப்படியானால் விளையாட்டும் மகிழ்ச்சியும் கூடாதா? அவ்வாறு எண்ணுவது தவறு. ஒரு பெருநாளன்று ஹபஷிகள் பள்ளிவாசலில் ஈட்டிகளுடன் விளையாடினர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தமக்குப் போதும் என்று தோன்றும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்க, நபி (ஸல்) அவர்கள் பொறுமையுடன் உடன் நின்றார்கள். பயணம் ஒன்றில் அன்னையவர்களுடன் ஓட்டப் பந்தயமும் ஓடினார்கள். முதல் முறை அன்னையவர்கள் முந்தினார்கள். பின்னொரு முறை பெருமானார் முந்தினார்கள்.

பின் எது கூடாதது? திருமறை 'லஹ்வு' என்றொரு சொல்லை ஆளுகிறது. முக்கியமானதை விட்டும் மனத்தைத் திருப்பிவிடுவது என்பது அதன் கருத்து. இதைக் கேட்டவுடன் நமக்குச் சினிமாவும் பாட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே வேர்ச்சொல் எங்கெங்கே வருகிறது, பாருங்கள். 63-ஆம் சூராவின் 9-ஆம் வசனம், உங்கள் செல்வமும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் நினைவை விட்டும் உங்களைத் திருப்பிவிட வேண்டாம் என்கிறது. 102-ஆம் சூராவின் தொடக்கம், மேலும் மேலும் சேர்க்கும் ஆசை உங்களைப் பராக்காக்கிவிட்டது என்கிறது. 24-ஆம் சூராவின் 37-ஆம் வசனமோ, வணிகமும் விற்பனையும் திருப்பிவிடாத நன்மக்களைப் புகழ்கிறது.

ஆகவே கேரம் பலகை மட்டுமல்ல, கல்லாப்பெட்டியும் நம்மைப் பராக்காக்கலாம்! மஃரிபுக்குப் பாங்கு ஒலிக்கிறது. விளையாட்டை விட்டு எழாத மகனை வாப்பா கண்டிக்கிறார். அதே வாப்பா, வியாபாரம் மும்முரமாயிருந்த அஸர் வேளையில் ஜமாஅத்தை விட்டவர். மகன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இனி அந்தக் கண்டிப்பு அவன் மனத்தில் எவ்வாறு ஏறும்?

வியாபாரமும் தவறன்று; விளையாட்டும் தவறன்று. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறு 62-ஆம் சூராவே ஏவுகிறது. எதற்காக எதை விடுகிறோம் என்பதே அளவுகோல்.

எனவே ஒரு பொழுதுபோக்கில் இறங்குமுன் மூன்றைக் கவனிப்போம். முதலாவது, அது தன்னளவில் ஹலாலா? சூதாட்டமும் புறம் பேசுதலும் எந்த நிய்யத்தாலும் ஆகுமாகிவிடா. இரண்டாவது, அதனால் தொழுகையோ, பெற்றோர், மனைவி மக்களின் உரிமையோ தவறுகிறதா? மூன்றாவது, அதிலிருந்து எழும்போது உடலும் மனமும் தெளிவடைகின்றனவா, அல்லது முன்னிலும் சோர்கின்றனவா? இரவு வெகுநேரம் கைப்பேசியைப் பார்த்திருந்து ஸுப்ஹைக் களாவாக்குபவர், இந்த மூன்றாவது கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வாராக.

ஆயுளை எவ்வாறு கழித்தாய் என்ற கேள்வி மறுமையில் உண்டு என்பது திர்மிதீயில் வரும் ஹதீஸ். அன்று பதில் கூற வேண்டிய பொழுதை இன்று போக்கடிக்க வேண்டாம். நம் ஓய்வு களைப்பைப் போக்கட்டும். பொழுதைப் போக்க வேண்டாம். நம் இல்லங்களில் இந்த மாற்றத்தைப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்குமுன், நாமே தொடங்குவோமாக! அல்லாஹ் அதற்கு நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.