வகுத்துப் பாராமலே அறியப்பட்ட பகா எண்

1-ஐயும் தன்னையும் தவிர வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, 1-ஐவிடப் பெரிய முழு எண்ணைப் பகா எண் என்கிறோம். 31 பகா எண்ணா என அறிய, அதனை 2, 3, 5 ஆகிய எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். ஏனெனில் ஓர் எண் பகு எண்ணாயின், அதன் வர்க்க மூலத்தை விஞ்சாத காரணி ஒன்றேனும் அதற்கு இருந்தே தீரும்.

ஆனால் 2¹²⁷ − 1 என்னும் எண்ணை நோக்குவோம். விரித்தெழுதினால் அது 170141183460469231731687303715884105727 ஆகும். 39 இலக்கங்கள் கொண்டது. அதன் வர்க்க மூலமே 20 இலக்கங்களுடையது. ஒற்றை எண்களால் மட்டும், வினாடிக்கு ஒன்றாக வகுத்துச் சென்றாலும், சோதனை முடிய இருபதாயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். எனினும் பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார் லூக்கா 1876-இல், கணிப்பொறியின் துணையின்றியே, இது பகா எண் என நிறுவினார். எங்ஙனம்?

லூக்கா கண்ட முறையைப் பின்னர் அமெரிக்க அறிஞர் லெமர் எளிமையாக்கினார். p என்பது ஒற்றைப் பகா எண்ணாயின், 2ᵖ − 1-ஐச் சோதிக்க 4-இல் தொடங்குக. கிடைத்த எண்ணை வர்க்கித்து, 2-ஐக் கழித்து, 2ᵖ − 1-ஆல் வகுத்து, மீதியை மட்டும் கொள்க. இதனை p − 2 முறை செய்க. இறுதி மீதி பூச்சியமாயின் அது பகா எண்; இன்றேல் பகு எண்.

2⁵ − 1, அதாவது 31-ஐ எடுத்துக்கொள்வோம். முதற்படியில் 14; இரண்டாம் படியில் 194, அதனை 31-ஆல் வகுக்க மீதி 8; மூன்றாம் படியில் 62, மீதி பூச்சியம். ஆகவே 31 பகா எண். மாறாக, 2¹¹ − 1, அதாவது 2047-க்கு ஒன்பதாம் படியில் மீதி 1736. எனவே அது பகு எண். உண்மையில் அது 23 × 89 ஆகும். 2¹²⁷ − 1-க்கோ 125 படிகளே தேவை.

இம்முறையின் தனித்தன்மை ஒன்று கருதத்தக்கது. காரணிகள் எவை என அது கூறுவதில்லை. அவை உண்டா இல்லையா என்பதை மட்டுமே கூறும். 1644-இல் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி வெளியிட்ட பகா எண்களின் பட்டியலில் 2¹²⁷ − 1 உடன் 2⁶⁷ − 1-உம் இடம்பெற்றிருந்தது. பின்னது பகு எண்ணே என்பதை லூக்காவே காட்டினார். ஆயினும் அதன் காரணிகள் அப்பொழுது அறியப்படவில்லை. 1903-இல் அமெரிக்க அறிஞர் கோல் அவற்றை வெளியிட்டார்: 193707721, 761838257287. குற்றம் உண்டென்பது உறுதியான பின்னரும், அது எங்குள்ளதெனக் காண 27 ஆண்டுகள் கழிந்தன!

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்னும் பகா எண் 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. அதனை ஐயமற உறுதி செய்ததும் இதே சோதனைதான். கணிக்கும் கருவி மாறிற்று. 4-இல் தொடங்கும் அம்முறை மாறவில்லை. வாசகர்கள் 2⁷ − 1, அதாவது 127-ஐத் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஐந்தே படிகளில் விடை கிட்டும்.